மூணாவது பிடித்த கொடி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறியும் சோறும் தின்றுவிட்டுப் பாளையங்கோட்டையே பாயை விரித்துப் படுத்துவிடும். நாங்கள் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்து, ரெட்டைச் சடை பின்னி, பவுடரை அப்பிக்கொண்டு வெயிலில் கிளம்புவோம். மூன்று மணிக்கு ஞாயிறு பள்ளி. திருநெல்வேலியில் மூன்று மணி வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தார்ச்சாலையில் செருப்பு ஒட்டும். ஆனால் எனக்கு அதெல்லாம் உறைத்ததே இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி வரும் எனக்கு; ஞாயிறு பள்ளிக்குக் காய்ச்சலோடும் ஓடியிருக்கிறேன்.

சர்ச் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கோயில்தான். அந்தக் கோயில் வளாகத்தில் வரிசையாக வேப்பமரங்கள். ஒரு மரத்தடிக்கு ஒரு வகுப்பு. ஒரு மரத்தடியில் கதை நடக்கும், அடுத்ததில் பாட்டு, அதற்கடுத்ததில் மனப்பாட வசனம் தப்பாகச் சொன்னவனுக்குக் குட்டு. எல்லாச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து மேலே போகும்போது காக்காய்கள் மரத்தை விட்டே போய்விடும். இவ்வளவு பேரையும் மேய்க்கிறவர் சூப்பரண்ட் சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அவர் விசிலை வாயில் வைத்தால் குருவிகூடக் கத்தாது.

எனக்கு இத்தனை பாசம் வந்ததற்குப் பக்திதான் காரணம் என்று சொன்னால் என் அக்காமார் இரண்டு பேரும் இப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உண்மைக் காரணம் வேறு. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். நான் கடைசி. அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர், அதனால் தெருவில் எங்கள் வீடு டீச்சர் வீடு. பெரியக்காவுக்குப் பெயர் உண்டு, எல்லாருக்கும் தெரியும். சின்னக்காவுக்கும் பெயர் உண்டு. எனக்கு? பலசரக்குக் கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், “டீச்சர் வீட்டு மூணாவதா? என்ன வேணும்?” என்பார். தினமும் போகிறேன், தினமும் கடலைப்பருப்பு வாங்குகிறேன், ஒரு நாளாவது பெயரைக் கேட்டாரா மனுஷன்? இல்லை. தெரு முழுக்க அதே கதை. மூணாவது போகுது, மூணாவது வருது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? என் கவுன் பெரியக்கா போட்டு, சின்னக்கா போட்டு, இடுப்பில் இரண்டு தடவை பிரித்துத் தைத்து எனக்கு வரும். செருப்பும் அப்படித்தான். பைபிளும் அப்படித்தான், நாங்கள் வேதபுத்தகம் என்போம். முனையெல்லாம் மழுங்கி, முதுகில் சாக்குத் துணி ஒட்டிய ஒரு கிழட்டுப் புத்தகம். அதில் ஒரு தாள் எப்போதோ கழன்று போயிருந்தது. சின்னக்கா அதைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறேன் பேர்வழி என்று முன் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டாள். கேட்டால், “எங்கன இருந்தா என்னட்டி, புஸ்தகத்துக்குள்ளதான இருக்கு?” என்பாள்.

இப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு ஆசை. பவனியில் முன்கொடி பிடிக்க வேண்டும்.

எங்கள் கோயிலில் வருஷத்துக்கு ஒரு நாள் பாலர் ஞாயிறு. அன்றைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் வண்ணக் காகிதக் கொடி பிடித்து, கோஷம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பவனி போவோம். கோயிலுக்கு வராத வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார்கள். எங்கள் தெருவிலும் நுழையும். எல்லாருக்கும் முன்னால் ஒரே ஒரு பிள்ளை பெரிய கொடியைப் பிடித்து நடக்கும். வெள்ளை சாட்டின் துணி, நடுவில் சிவப்புச் சிலுவை, ஓரமெல்லாம் குஞ்சம், ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் கம்பு. அந்தக் கொடியோடு நான் ஒரு தடவை எங்கள் தெருவில் நடந்தால் போதும். அண்ணாச்சி பார்ப்பார். மாடி வீட்டு அம்மா பார்ப்பார். அதற்கப்புறம் யார் என்னை மூணாவது என்று சொல்லிவிடுகிறார்கள் பார்க்கலாம்!

கொடி சும்மா கிடைக்காது. பட்டயப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். பட்டயம் என்றால் வாள் இல்லை, எங்கள் வழக்கத்தில் வேதபுத்தகம்தான் பட்டயம். வரிசையாக நின்று புத்தகத்தை இடது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சார் “பட்டயம்!” என்றதும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று இடத்தைச் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். விசில் ஊதியதும் தேட வேண்டும். முதலில் கண்டுபிடிக்கிறவர் ஒரு எட்டு முன்னால் வந்து வாசிக்க வேண்டும். யார் முதலில் ஐந்து வசனம் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கொடி.

இதில் நான் புலி. சும்மா சொல்லவில்லை. குளிக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் வேதபுத்தகத்துக்குள் இருக்கிற அறுபத்தாறு புத்தகங்களின் பெயர்களையும் வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். அந்தக் கிழட்டுப் புத்தகத்தில் பெருவிரலை வைத்தால் போதும், நான் கேட்ட இடம் வந்து நிற்கும். எனக்குச் சமமாக ஒரே ஒருத்தன்தான் இருந்தான். கோயில்குட்டியின் மகன். கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிக்கிறவரை நாங்கள் கோயில்குட்டி என்போம். அப்பாவுக்குப் பதிலாக மணிக்கயிற்றை இழுத்து இழுத்து அவன் கை இரும்பாகியிருந்தது. போன வருஷம் கொடி அவன் கையில். “இந்த வருசமும் எனக்குத்தான், பாரு” என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னைச் சீண்டுவான். நானும் விடமாட்டேன், “கொடியத் தொட்டுப் பாருலே, அப்புறம் இருக்கு” என்பேன்.

அந்தச் சமயம் பார்த்து மஸ்கட்டிலிருந்து மாமா லீவில் வந்தார். பெரியக்காவுக்கு வாட்ச், சின்னக்காவுக்கு சென்ட். “உனக்கு என்ன வேணும்? என்ன கேட்டாலும் வாங்கித் தாரேன்” என்றார் என்னிடம். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “புது வேதபுத்தகம்” என்றேன். வீடே உருகிப்போனது! அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த வயசுல பாத்தியளா!” என்று அப்பா மாமாவிடம் பெருமைப்பட்டார். நிஜம் எனக்குத்தானே தெரியும். யாரும் தொடாத ஒரு பொருள் எனக்கே எனக்கு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

மாமா வாங்கித் தந்தது சாதாரணப் புத்தகமா? கறுப்புத் தோல் உறை, சுற்றிலும் ஜிப், தாள்களின் விளிம்பெல்லாம் தங்க முலாம். மூடி வைத்தால் தங்கக் கட்டி! அடேயப்பா, அன்றைக்கு ராத்திரி அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன். திறக்கவில்லை. திறந்தால் மடங்கிவிடும், மடங்கினால் பழசாகிவிடும். பெரியக்கா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், ஊரில் உள்ள அறிவெல்லாம் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைப்பு. “ஏட்டி, போட்டிக்கு அதக் கொண்டு போகாத. கொண்டு போறதுன்னா நல்லாப் புரட்டிப் பழக்கு” என்றாள். “உனக்குப் பொறாமை” என்று சொல்லிவிட்டு ஜிப்பை இன்னும் இறுக்கி மூடினேன்.

போட்டி நாளன்று காலை ஆராதனை முடிந்தும் ஒருத்தர் எழுந்து போகவில்லை. பெஞ்சு நிறைய அப்பா அம்மாக்கள். அம்மாவும் அக்காமாரும் இரண்டாவது பெஞ்சில். நாங்கள் முன்னால் வரிசையாக நின்றோம். ஜிப்பைத் திறந்துவிட்டதால் என் அக்குளில் தங்க விளிம்பு மின்னுகிறது. பக்கத்தில் கோயில்குட்டி மகன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவனிடம் இருந்தது மெழுகு சொட்டிய பழைய புத்தகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பட்டயம்!” தூக்கினோம். இடத்தைச் சொன்னார். விசில்!

திறந்தேன். திறந்தேனா? எங்கே திறந்தது? தாள் தாளாகப் பிரியவே இல்லை! தங்க முலாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புரட்டினால் கட்டுக்கட்டாக நகர்கிறது. சங்கீதத்தைத் தேடினால் சுவிசேஷத்துக்குப் போய் விழுகிறேன். அங்கிருந்து பின்னால் தள்ளினால் ஆபிரகாம் காலத்துக்கு வந்துவிடுகிறது. நகத்தால் கீறுகிறேன், எச்சில் தொட்டு இழுக்கிறேன், ஊஹும். அதற்குள் அவன் ஒரு எட்டு முன்னால் போய்க் கணீரென்று வாசித்துவிட்டான்.

இரண்டாவதும் அவனுக்கே. மூன்றாவதும் அவனுக்கே. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. அழுதால் இன்னும் எழுத்து தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவது வசனத்தையும் அவன் எடுத்தபோது, முடிந்தது என்றே நினைத்தேன். இன்னும் ஒன்று, கொடி போச்சு.

அப்போதுதான் இரண்டாவது பெஞ்சிலிருந்து, “ஏளா!” என்று ஒரு சத்தம். கோயிலுக்குள் யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சின்னக்கா எழுந்து நிற்கிறாள். கையில் கிழட்டுப் புத்தகம்! என்னை நம்பாமல் அவளே வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். பெஞ்சு பெஞ்சாகக் கை மாறி அது என்னிடம் வந்தது. நான் தங்கக் கட்டியைக் கீழே வைத்தேன். சார் விசிலை வாயிலிருந்து எடுத்து, “புஸ்தகத்த மாத்தலாமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, “சரி, அதுவும் வேதபுத்தகந்தான்” என்றார்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! என் பெருவிரலுக்கு உயிர் வந்துவிட்டது. ஒன்று எனக்கு. இன்னொன்று எனக்கு. மூன்றாவதில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எடுத்தோம், ஆனால் முன்னால் கால் வைத்தது நான். நாலாவதும் எனக்கே! பெஞ்சில் இருந்தவர்கள் நுனிக்கு வந்துவிட்டார்கள். நாலுக்கு நாலு. கடைசி வசனம்.

சார் ஒரு குட்டித் தீர்க்கதரிசியின் பெயரைச் சொன்னார். பழைய ஏற்பாட்டின் வால் பக்கத்தில், ஒரு தாளுக்குள்ளேயே முடிந்துவிடுகிற புத்தகம் அது. எல்லாருக்கும் வழுக்கிக்கொண்டு போகும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தாள்தான் முன் அட்டைக்குள் ஒட்டியிருக்கிறதே! விசில் ஊதினதும் எல்லாரும் வால் பக்கத்தைப் புரட்ட, நான் அட்டையைத் திறந்தேன். வாசித்தேன். அவ்வளவுதான்.

“சார்! அவ முன்னால தொறந்து வாசிக்கா சார்! ஏமாத்துதா!” என்று கோயில்குட்டி மகன் குதித்தான். சார் என் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். தாளை விரலால் சுரண்டிப் பார்த்தார். சின்னக்காவின் சோற்றுப் பருக்கை நன்றாகத்தான் பிடித்திருந்தது. “தாளு புஸ்தகத்துக்குள்ள இருக்கா? இருக்கு. வசனம் சரியா? சரிதான். கொடி இவளுக்கு” என்றார். அம்மா கைதட்டினார்கள்! கோயிலுக்குள்! நான் அக்காமாரைப் பார்த்துக் குதித்த குதியில் ஒரு ரிப்பன் அவிழ்ந்து விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் பாலர் ஞாயிறு. கார்த்திகை மாசம், காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. அம்மா எனக்கென்று வண்ணார்பேட்டையில் போய்த் துணி எடுத்துப் புதுக் கவுன் தைத்திருந்தார்கள். சார் என் கையில் கொடியைக் கொடுத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். “ரெண்டு கையாலயும் பிடிக்கணும். என்ன ஆனாலும் கொடி சாயக்கூடாது. கொடி சாஞ்சா பவனியே சாஞ்ச மாதிரி.” நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் முதல் வரிசையில் கோயில்குட்டி மகன். முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

“இயேசு ராஜாவுக்கு!” என்று சார் கத்த, “ஜே!” என்று நாங்கள் கத்த, பவனி கிளம்பியது. மேளம் அடிக்கிறது, காகிதக் கொடிகள் படபடக்கின்றன. முதல் தெரு முடிந்தது. இரண்டாவது தெரு முடிந்தது. அடுத்தது எங்கள் தெரு. கொடியை இன்னும் ஒரு சாண் உயர்த்தினேன். முனை திரும்பினால் அண்ணாச்சி கடை.

முனை திரும்பினோம். மழை கொட்டியது.

தூறல் கீறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டு கொட்டென்று கொட்டியது. காகிதக் கொடிச் சாயம் ஒழுகி வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பும் பச்சையும். “திரும்புங்க, திரும்புங்க!” என்று சார் விசில் ஊதினார். ஒரு பிள்ளை திரும்பவில்லை. மழையில் நனைந்தால் அடி விழாத நாள் வருஷத்தில் அது ஒன்றுதான், யார் திரும்புவார்கள்? “ஜே! ஜே!” என்று இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். சாரும் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

அப்போதுதான் அந்தப் பாவி சாட்டின் துணி, நனைந்து கனத்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று என் முகத்தில் வந்து ஒட்டியது. நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும்! தலையை ஆட்டினேன், போகவில்லை. ஊதினேன், வாயோடு ஒட்டியது. கையால் எடுக்கலாம்தான். ஆனால் ஒரு கையை விட்டால் கொடி சாயும். ஐயோ, எங்கள் தெரு! என் தெரு! இங்கே வந்தா எனக்கு முகம் இல்லாமல் போக வேண்டும்! துணிக்குள்ளேயே அழுதேன், கோபத்தில் கொடிக் கம்பைக் கடிக்கலாம் போல இருந்தது. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. “ஏ, கொடி நடந்து வருது பாரு!” என்று யாரோ கத்துகிறார்கள்.

“ஏட்டி, இடது பக்கம் சாக்கடை! வலது பக்கம் போ!” பின்னாலிருந்து கோயில்குட்டி மகனின் குரல். போனேன். “பைய, பைய. குழி கிடக்கு. தாண்டு!” தாண்டினேன். “நேர போ. நான் சொல்லுதேம்லா, நேர போ!” அவன் சொல்லச் சொல்ல நடந்தேன். கொடி சாயவில்லை. பார்க்கத்தான் முடியவில்லை, கத்தவாவது செய்வோம் என்று துணிக்குள்ளிருந்தே தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் தெரு அப்படியே முடிந்துபோனது. அண்ணாச்சி கடை எப்போது வந்தது, எப்போது போனது, ஒன்றும் தெரியாது.

கோயிலுக்குத் திரும்பி, துணியை முகத்திலிருந்து உரித்தெடுத்த பிறகும் என் அழுகை நிற்கவில்லை. ஆளுக்கொரு பன்னும் லட்டும் கொடுத்தார்கள். லட்டென்றால் உயிரை விடுகிற நான் அதைத் தொடவே இல்லை. “கொடி சாயலலா, பெறகு என்ன?” என்றார்கள் அம்மா. அம்மாவுக்கு என்ன தெரியும்? ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. இனிமேல் வாழ்நாள் முழுக்க நான் மூணாவதுதான்.

மறுநாள் சாயங்காலம் பெரியக்கா கடைக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் பையைத் தொப்பென்று தரையில் போட்டாள். முகம் ஜிவுஜிவு என்று இருந்தது.

“அந்த அண்ணாச்சிக்குக் கொழுப்பப் பாரும்மா! கடை நெறைய ஆளு நிக்காவ. எல்லாரு முன்னாலயும் என்னப் பாத்துக் கேக்காரு, ‘ஏம்மா, மொகத்துல கொடிய ஒட்டிக்கிட்டு, விடாம கத்திக்கிட்டுப் போச்சே ஒரு புள்ள, நீ அவளுக்கு அக்காதான?’ன்னு. என்னய! காலேஜுல படிக்கேன், என்னயப் போயி!”

நான் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். “நீ என்னக்கா சொன்ன?”

“ஆமான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ‘அவ பேரு என்ன?’ன்னு கேட்டாரு.”

“சொன்னியா?”

“சொல்லல. எனக்கு வந்த ஆத்திரத்துல வந்துட்டேன்.”

சடையைக்கூடப் பின்னாமல் நான் தெருவில் இறங்கி ஓடினேன். கடையில் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை.